எழுத்துக் கூட்டலிலிருந்து பொருள் கூட்டலுக்கு: தொடக்கப் பள்ளி வாசிப்பும் இலக்கணமும், லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழில் 'படி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிப்பதும் படிப்புதான். அதை மனசிலே வாங்கிக் கற்றுக்கொள்வதும் படிப்புதான். வங்காளத்தில் 'பொடா' என்ற சொல்லும் அப்படியே. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் லேக் மார்க்கெட் வீடுகளில் "பையன் தமிழ் நன்னா படிக்கிறான்" என்று பெருமையோடு சொல்லும்போது, பெரும்பாலும் சொல்ல வருவது முதலாவதைத்தான். ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்து முடிப்பான். "சரி, அந்தக் கிழவி ஏன் ஊரை விட்டுப் போனாள்?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

இந்த இடைவெளி நம் பிள்ளைகளிடம் மட்டும் தோன்றியதல்ல. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. வாசிப்பு எப்போது பொருளோடு சேர்ந்திருந்தது, எப்போது பிரிந்தது, அதில் இலக்கணத்துக்கு என்ன பங்கு, தமிழும் வங்காளமும் ஒரே தெருவில் பேசப்படும் நம் பேட்டையில் அந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடும் திண்ணையும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, அதற்கும் மேலே போகிறவனுக்கு நன்னூல் என்பது பொதுவான வரிசை. சட்டாம்பிள்ளை உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். "எல்லாம் குருட்டு மனப்பாடம்" என்று இதைச் சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். அதில் பாதி உண்மைதான். மறுபாதியையும் பார்க்க வேண்டும்.

ஓலைச்சுவடியில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்றுபோல் தனித்தனி வடிவம் இல்லை. அந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பது மரபு. கால் குறியும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் கிடையாது. இப்படிப்பட்ட ஏட்டை வெறுமே எழுத்துக் கூட்டி வாசிக்கவே முடியாது. எது மெய், எது உயிர்மெய், எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று முடிவு செய்யப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். புணர்ச்சி விதியும் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, ஏட்டின் காலத்தில் இலக்கணம் என்பது பரீட்சைக்கான தனிப் பாடமாக இல்லை. வாசிப்பதற்கே அதுதான் கருவியாக இருந்தது. சந்தி பிரித்து, பதவுரை சொல்லி, பொழிப்புரை சொல்லி, பிறகு விசேஷவுரைக்குப் போகும் பழைய உரைமரபைப் பார்த்தால் இது விளங்கும். இன்று 'வாசித்துப் பொருள் உணர்தல்' என்று பாடத்திட்டங்கள் சொல்வதன் படிகள் எல்லாம் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாயிரத்தில் மாணவன் எப்படிக் கற்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு கலந்து பேசுவதில் இன்னொரு கால் வரும். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை வரும் என்பது அதன் கருத்து. நம் வகுப்புகளில் ஆசிரியர் சொல்லும் கால் பங்கோடு கடையைக் கட்டிவிடுகிறோம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எழும்பூரிலிருந்து சின்சுராவுக்கு

இந்தத் திண்ணை முறை கடல் தாண்டிப் போய் வங்காளத்துக்கு வந்த கதை சுவையானது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அமைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதுபோன்ற முறையைத் தனியாக நடத்திவந்தார். பிறகு 1814-இல் ஹுக்ளிக் கரையில், கல்கத்தாவுக்கு வடக்கே சின்சுராவில் ராபர்ட் மே என்ற பாதிரியார் வங்காளப் பிள்ளைகளுக்கு இதே பாணியில் பள்ளிகள் திறந்தார். எழும்பூரில் கிளம்பியது இலண்டன் வழியாக ஹுக்ளிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வழியில் ஒன்று தொலைந்து போயிற்று. பவணந்தியார் சொன்ன 'பிறருக்கு எடுத்துச் சொல்லுதல்' என்பது பொருளை விளக்குவது. பெல் முறையில் சட்டாம்பிள்ளை செய்தது பெரும்பாலும் ஒப்பிக்க வைப்பதும் தவறு பிடிப்பதும். ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக நடத்துவதற்கு அது வசதியாக இருந்தது.

அப்போது நாட்டில் பள்ளிக்கூடம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் சுமார் 1,88,000 மாணவர்களும் இருந்தார்கள். வங்காளத்தில் 1835 முதல் 1838 வரை வில்லியம் ஆடம் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். வங்காளம், பீகார் இரண்டிலுமாக ஒரு லட்சம் கிராமப் பாடசாலைகள் இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. பாடசாலைகள் இருந்தன. குழந்தை எடுத்து வாசிக்கத் தக்க அச்சிட்ட எளிய உரைநடைப் புத்தகம்தான் இல்லை.

நாவலரும் வித்யாசாகரும்

அந்தக் குறையைத் தமிழில் ஒருவரும் வங்காளத்தில் ஒருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தீர்த்தார்கள். நம் ஊரில் வித்யாசாகர் படம் இல்லாத பள்ளிக்கூடம் அபூர்வம். ஆறுமுக நாவலர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆகவே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

ஈசுவர சந்திர வித்யாசாகர் பிறந்தது 1820. யாழ்ப்பாணம் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தது 1822. வித்யாசாகர் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து, 1851-இல் அதன் முதல்வரானார். நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, அங்கேயே பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் பைபிள் மொழிபெயர்ப்புப் பணியிலும் இருந்து, பிறகு சைவத்தைக் காக்கவேண்டும் என்று வெளியே வந்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு வருஷம் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பாடப்புத்தகம் மூன்றும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதை இருவருமே புரிந்துகொண்டார்கள். வித்யாசாகரும் சொந்தமாக அச்சகம் நடத்தியவர்.

நாவலரின் பாலபாடங்கள் 1850-ஐ ஒட்டி வரத் தொடங்கின. வித்யாசாகரின் 'வர்ணபரிசய்' இரண்டு பாகங்களும் 1855-இல் வந்தன. இரண்டிலும் ஒரே ஏற்பாட்டைக் காணலாம்: எழுத்து, சிறு சொல், இரு சொல் தொடர், சிறு வாக்கியம், பத்தி, பிறகு கதை அல்லது நீதி. கஷ்டம் படிப்படியாக ஏறும். செய்யுளை மனப்பாடம் செய்து பிறகு பொருள் கேட்ட பிள்ளை, முதல் முறையாக வாசிக்கும்போதே புரிந்துகொள்ளக்கூடிய உரைநடையைக் கையில் பெற்றது. நிறுத்தக் குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தியது, சொற்களைப் பிரித்து அச்சிட்டது ஆகியவற்றுக்காகத் தமிழ் உரைநடையில் நாவலருக்கு ஓர் இடம் உண்டு. வங்க உரைநடையில் அதே இடம் வித்யாசாகருக்கு. ஒரு காற்புள்ளி குழந்தைக்கு எவ்வளவு உதவி என்பதை, காற்புள்ளியே இல்லாத பத்தியை வாசித்துப் பார்த்தால் தெரியும்.

இலக்கணத்திலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. அதுவரை வங்காளப் பிள்ளைகள் சமஸ்கிருத இலக்கணத்தை 'முக்தபோதம்' என்ற சூத்திர நூலை வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்து கற்றார்கள். வித்யாசாகர் 1851-இல் 'உபக்ரமணிகா' என்ற நூலில் அதே இலக்கணத்தை எளிய வங்காளத்தில் விளக்கினார். நாவலரும் நன்னூல் சூத்திரங்களுக்குக் காண்டிகையுரை செய்ததோடு நில்லாமல், 'இலக்கணச் சுருக்கம்', 'இலக்கண வினாவிடை' என்று உரைநடையிலேயே இலக்கணம் எழுதினார். சூத்திரம் இருந்தால்தான் இலக்கணம் என்ற எண்ணத்தை இருவரும் உடைத்தார்கள். வித்யாசாகர் இன்னும் ஒரு படி போய், வங்காளத்தில் வழக்கில் இல்லாத நெடில் 'ரூ', 'லூ' எழுத்துகளை அரிச்சுவடியிலிருந்தே எடுத்துவிட்டார்.

வேற்றுமையும் உண்டு. நாவலரின் பாலபாடங்களில் சைவ சமய ஒழுக்கம் ஊடும் பாவுமாக ஓடும். வர்ணபரிசயில் சமயம் இல்லை. நல்ல பையன் கோபால், படிக்காமல் திரியும் பையன் ராக்கால் என்று வீட்டு ஒழுக்கம்தான். பின்னாளில் கவி ரவீந்திரர் 1930-இல் 'சஹஜ் பாட்' எழுதியபோது நீதியையும் விலக்கிவிட்டு, ஆறு, படகு, மழை, சந்தை என்று குழந்தை கண்ணால் பார்ப்பதையே பாடமாக்கினார். நந்தலால் போஸ் அதற்குப் படம் போட்டார். குழந்தைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்கினால் பொருள் தானே வரும் என்பது அதன் அடிப்படை.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

இவ்வளவு நல்ல புத்தகங்கள் வந்த பிறகும் வாசிப்பும் பொருளும் ஏன் பிரிந்தன? ஒரு பெரிய காரணம் பரீட்சை. இங்கிலாந்தில் 1862-இல் 'தேர்ச்சிக்குத் தக்க மானியம்' என்ற ஏற்பாடு வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார்; வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார்; தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். சென்னை மாகாணத்திலும் பின்னர் இதே முறை புகுந்தது. விளைவு என்ன? பிள்ளைகள் அந்த வருஷத்துப் பாடப்புத்தகத்தை முழுக்க நெட்டுருப் போட்டுவிட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் 'வாசிப்பார்கள்'. தாமே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த ஆங்கிலக் கவிஞர் மாத்யூ அர்னால்டே இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தார்.

வாசிப்பு என்பது வாயால் அளக்கப்பட்டதால், வாயே வாசிப்பு ஆயிற்று. இலக்கணமும் அதோடு சேர்ந்து தனித் தீவானது: பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக, எதிர்ச்சொல் தருக, ஒருமை பன்மை மாற்றுக. முதல் மணியில் பாடம், நாலாவது மணியில் இலக்கணம். இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து கிடையாது.

இந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்தியக் கிராமப்புறங்களில் 2005 முதல் நடந்துவரும் 'அசர்' ஆய்வில், 2022-இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் இரண்டாம் வகுப்புத் தரத்துப் பத்தியை வாசிக்க முடிந்தது. அதுவும் வாய்விட்டு வாசிப்பதை அளந்த கணக்கு. பொருளையும் சேர்த்துக் கேட்டால் கணக்கு இன்னும் இறங்கத்தான் செய்யும். தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்தக் குறையைப் போக்க எடுத்த முயற்சிகளே.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு எளிய சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிதல் என்பது எழுத்துக் கூட்டும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கி வருவது. கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். எழுத்து முழுக்கத் தெரிந்தாலும் மொழி பூஜ்யமானால் விடை பூஜ்யம். மொழி நன்றாகத் தெரிந்து எழுத்து தெரியாவிட்டாலும் பூஜ்யம். லேக் மார்க்கெட்டுக் குழந்தையின் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில்.

லேக் மார்க்கெட்டுக்கு வந்த தமிழ்

1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தெற்கே சதுப்பு நிலத்தை வெட்டி ஏரி அமைத்தது. 1958-இல் அதற்கு ரவீந்திர சரோபர் என்று பெயர் மாறியது. அந்த ஏரியை ஒட்டி, ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் ரோட்டிலும் தேசப்ரிய பார்க் பக்கமும் புது வீடுகள் எழும்பின. கம்பெனிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கணக்கராக, ஸ்டெனோவாக வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். காப்பிப்பொடி, வாழையிலை, கதம்பம், கறிவேப்பிலை எல்லாம் மார்க்கெட் வாசலுக்கு வந்தன. பழைய மார்க்கெட் கட்டடம் போய் மால் வந்த பிறகும் அந்த வாசனை முற்றிலும் போய்விடவில்லை.

அந்த முதல் தலைமுறைக்குத் தமிழ் வாசிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. ஊரிலிருந்து இன்லண்ட் லெட்டர் வரும். பதில் போட வேண்டும். ரயிலேறி இரண்டு நாள் பழசாகிப் பத்திரிகை வரும். வீட்டுப் பெண்களுக்கு அதுவே உலகம். மூன்றாம் தலைமுறைக்கு இதெல்லாம் இல்லை. பாட்டியோடு வீடியோ காலில் பேசினால் முடிந்தது. வாசிப்பதற்கான தேவை போய்விட்ட இடத்தில் வாசிப்புத் திறன் எப்படித் தங்கும் என்பதே நம் முன்னால் உள்ள கேள்வி.

சட்டம் ஏதாவது செய்யாதா என்று கேட்கலாம். 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு வரையறை தந்தது: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள் சிறுபான்மை மொழியினராக இருந்தால், அந்தத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஆசிரியரை நியமிக்க வேண்டும். 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 350ஏ பிரிவு சேர்ந்தது; அதுவும் தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் ஒரே பள்ளியில் இல்லை. ஒரு பள்ளியில் இருவர், இன்னொன்றில் மூவர் என்று ஆங்கிலப் பள்ளிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். பத்து பேர் ஒரு வகுப்பில் எப்படிச் சேர்வார்கள்?

டெல்லித் தமிழர்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தலைநகரம் 1911-இல் கல்கத்தாவை விட்டுப் போவதாக அறிவிப்பு வந்தது. அரசாங்கத்தோடு சிம்லாவுக்கும் டெல்லிக்கும் போய்வந்த நம்மவர்களின் பிள்ளைகளுக்காக 1923-இல் ஒரு கல்விச் சங்கம் தொடங்கியது. அதுவே இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அங்கே தமிழ் என்பது பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிவிட்டது. வாரம் ஒரு மணி, வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்தாலும் மொத்தம் 40 மணி நேரம்தான். அந்த 40 மணியையும் 247 எழுத்துகளை எழுதவைப்பதிலேயே செலவழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

இரண்டு தமிழ், பக்கத்தில் ஒரு வங்காளம்

நம் குழந்தைக்கு வீட்டில் தமிழ் தெரியும்; ஆனால் அது பேச்சுத் தமிழ். "வந்துட்டான்", "போறேன்", "இருக்கு" என்பது தெரியும். புத்தகத்தில் "வந்துவிட்டான்", "போகிறேன்", "இருக்கிறது" என்று இருக்கும். இரண்டும் ஒன்றே என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. ஆகவே எழுத்தைச் சரியாகக் கூட்டியும், தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லையே அவன் அடையாளம் காண்பதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் இந்தத் தடை உண்டு. ஆனால் அவனைச் சுற்றிச் சுவரொட்டியும் செய்தியும் மேடைப்பேச்சும் எழுத்துத் தமிழைக் காதில் போட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அது கிடையாது. சிங்கப்பூர் இதை உணர்ந்து, 2005-இல் வந்த பாடத்திட்டப் பரிசீலனைக்குப் பிறகு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு வெளிப்படையாக இடம் கொடுத்தது.

மூன்றாம் தலைமுறைக்கு இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் புத்தகங்களில் பழைய 'ணை', 'லை', 'னை' எழுத்துகள் தும்பிக்கையோடு இருக்கும். தாத்தா ஆசையாக எடுத்துக் கொடுத்த கதைப் புத்தகத்தைப் பேரன் முதல் பக்கத்திலேயே மூடிவிட இது ஒன்று போதும். ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது.

இனி வங்காளம். இதை நாம் இடைஞ்சலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். "பெங்காலி கலந்து பேசறான்" என்று குறைப்படுகிறோம். இலக்கணக் கண்ணால் பார்த்தால் வங்காளம் நமக்குக் கிடைத்த பெரிய துணை. "பாஜாரே கியே, ஷாக் கினே, பாடி எலோ" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றுங்கள்: "சந்தைக்குப் போய், கீரை வாங்கி, வீட்டுக்கு வந்தான்." வரிசை ஒரு இடத்திலும் மாறவில்லை. கியே, கினே என்பவற்றை வங்காளப் பாடத்தில் 'அசமாபிகா க்ரியா' என்பார்கள், முடியாத வினை என்று பொருள். நம் இலக்கணத்தில் வினையெச்சம். பள்ளியில் வங்காளம் படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டினால் வினையெச்சம் ஒரே நாளில் புரியும். ஆங்கில வழியாகச் சொன்னால் ஒரு மாசம் ஆகும்.

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் பாடம்தான். வங்காளத்தில் 'ராம்கே தேக்லாம்' என்றாலும் 'ராம்கே திலாம்' என்றாலும் ஒரே 'கே'. தமிழிலோ "ராமனைப் பார்த்தேன்", "ராமனுக்குக் கொடுத்தேன்" என்று இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் தனித்தனி. வங்காளத்தில் 'ஷே' என்றால் ஆணோ பெண்ணோ தெரியாது, வினைமுற்றும் சொல்லாது. தமிழ் வினை விகுதியே "வந்தான், வந்தாள், வந்தது" என்று திணையும் பாலும் சொல்லிவிடும். 'ஆம்ரா' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். கதையில் "நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்" என்று அண்ணன் தம்பியிடம் சொன்னால், தம்பிக்கு அங்கே இடமில்லை என்று பொருள். இதை அறியாத பிள்ளைக்கு அந்தத் தம்பி ஏன் அழுதான் என்பது புரியாது. இலக்கணம் தெரியாமல் கதை தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எழுத்திலும் அப்படியே. வங்காளத்தில் க, க்க (கனத்த க), ஜ, ட என்று ஒலிக்கு ஒரு எழுத்து. ஆகவே பிள்ளை நியாயமாகவே கேட்கும்: "இந்தக் 'க' எந்தக் 'க'?" சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலித்து ஒலிக்கும், மெல்லினத்துக்குப் பின்னும் இரு உயிருக்கு நடுவிலும் மெலிந்து ஒலிக்கும் என்ற விதியைச் சொன்னால் 'காகம்', 'பக்கம்', 'தங்கம்' மூன்றும் சரியாக வரும். இதுவும் இலக்கணம், வாசிப்பும் இதுவே. மறுபக்கம், வங்காளத்தில் லகரம் ஒன்றுதான். நமக்கு ல, ள, ழ மூன்று. 'வால், வாள், வாழ்' வேற்றுமை காதில் விழாத பிள்ளைக்குக் கண்ணாவது பழக வேண்டும்.

போலிக் கேள்வியும் நிஜக் கேள்வியும்

பத்தியைப் படித்து விடையளி என்ற பயிற்சியைச் சோதித்துப் பார்க்க ஒரு வேடிக்கை வழி உண்டு. அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைப் போடுங்கள்: "முகிலிப் பையன் தன் பிசுண்டியை நிமிலிக்குத் தமிர்த்தான்." இப்போது கேளுங்கள். யார் தமிர்த்தான்? முகிலிப் பையன். எதைத் தமிர்த்தான்? பிசுண்டியை. யாருக்கு? நிமிலிக்கு. மூன்றுக்கும் முழு மார்க். ஒரு சொல்லும் புரியவில்லை!

இதிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கிறது. ஒன்று, நம் புத்தகங்களில் வரும் 'யார், எதை, யாருக்கு' கேள்விகள் பொருளைச் சோதிப்பதில்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பக்கத்துச் சொல்லை எடுத்து எழுதினால் போதும். இரண்டாவது, வேற்றுமை உருபு எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதையும் இதே வாக்கியம் காட்டுகிறது. சொற்கள் தெரியாவிட்டாலும் யார் செய்தார், யாருக்குப் போயிற்று என்று உருபும் விகுதியும் சொல்லிவிட்டன. "நாய் பூனையைத் துரத்தியது", "நாயைப் பூனை துரத்தியது" என்ற இரண்டு வரியையும் எழுதிப் படம் போடச் சொல்லுங்கள். படம் சரியாக வந்தால் இலக்கணமும் தெரியும், பொருளும் தெரியும். அங்கே இரண்டாம் வேற்றுமை என்ற பெயரைப் பிறகு சொன்னால் போதும். அப்போது அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

நிஜக் கேள்வி என்பது ஏன், எப்படித் தெரியும், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது. விடை ஒரே வரியில் இருக்காது. பிள்ளை இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். அந்தச் சொந்த வார்த்தை பேச்சுத் தமிழாக இருந்தால் என்ன, முதலில் இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு அதை எழுத்துத் தமிழாக மாற்றிப் பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியது

வரலாற்றைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதாது என்பதால், நம் சங்கங்களின் ஞாயிறு வகுப்புகளுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எழுத்து முழுக்க முடிந்த பிறகே வாக்கியம் என்று காத்திருக்க வேண்டாம். நாவலரும் வித்யாசாகரும் சில எழுத்துகள் வந்தவுடனே சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் போனார்கள். இரண்டாவது, ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து வரியைப் பேச்சிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து பேச்சுக்கும் மாற்றச் சொல்ல வேண்டும். மூன்றாவது, வாரத்துக்கு ஒரு வங்காள வாக்கியத்தைத் தமிழ் வாக்கியத்தோடு கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும். இலக்கணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நான்காவது, பவணந்தியார் கணக்குப்படி ஒரு மணியில் ஆசிரியருக்குக் கால் மணி, பிள்ளைகள் தங்களுக்குள் பேசக் கால் மணி, படித்ததை இன்னொருவருக்குச் சொல்ல அரை மணி. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லட்டும். ஆனால் ஒப்பிக்க வைக்கும் சட்டாம்பிள்ளையாக அல்ல.

புத்தகம் இல்லை என்று சொல்ல இனி வழியில்லை. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், மழலைக் கல்விப் பாடங்களை இலவசமாகவே தருகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. கொள்கை லேக் மார்க்கெட்டுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ, ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது.

ஆண்டு விழாவில் திருக்குறள் ஒப்பிக்கும் போட்டிக்குப் பரிசு கொடுக்கிறோம், அது இருக்கட்டும். அதோடு, முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, படித்துவிட்டுத் தன் வார்த்தையில் சபைக்குச் சொல்லும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வைப்போம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் இதைத் தொடங்கினால், லேக் மார்க்கெட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நாம் சொல்வதற்கு இரண்டு பொருளும் இருக்கும்.